ஏழாவது கிண்ணம்

பேருந்து ஓட்டுநரின் முதுகிலிருந்து முதல் கிண்ணத்தை எடுத்தபோது அதற்குள்ளிருந்து ஒரு ஹாரன் ஒலித்தது. மூன்று விநாடி ஒலித்து நின்றது. கீழே தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு சைக்கிள்காரர்கள் திரும்பிப் பார்க்காமலே ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால் மணி. ஓட்டுநர் குப்புறப் படுத்தபடியே, மேசைத் துளைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அது தன்னுடைய பழைய வண்டியின் ஹாரன் என்றும், அந்த வண்டி காயலான் கடைக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது என்றும் சொன்னார். இரண்டாவது கிண்ணத்தில் பிரேக் கிறீச்சிட்டது. மூன்றாவதில் ஒரு பெண் வண்டியை நிறுத்தச் சொன்னாள். நான்காவதில் ஒன்றுமில்லை, வெறும் காற்று. பதினான்கு வருடமாகக் கழுத்து திரும்பாமல், பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதைக்கூடக் கண்ணாடியில் பார்த்தே தெரிந்துகொண்ட மனிதர், எழுந்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பின் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து, நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

கிண்ணங்களின் சொந்தக்காரியை அந்தத் தெரு கிண்ணக்கா என்று கூப்பிட்டது. அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒரு மருத்துவமனையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவில் ஒன்பது வருடம் உதவியாளராக இருந்து, அடுத்தவர் கைகால்களைத் தூக்கி, மடக்கி, நீட்டி, எந்த வலி எந்த இடத்தில் குடியிருக்கும் என்பதை விரல் நுனியில் வைத்திருந்தாள். பிறகு மின்விசிறி பழுதுபார்க்கும் கடையின் மாடியில், இருபத்திரண்டு படி ஏறிப் போகிற ஓர் அறையில், தனியாகத் தொழில் தொடங்கினாள். ஒரு மேசை, ஒரு திரை, ஓர் அலமாரி. அலமாரியில் மூன்று அளவுகளில் இருபத்து நான்கு கண்ணாடிக் கிண்ணங்கள். வருகிறவர்களை முதலில் வெதுவெதுப்பான எண்ணெய் போட்டு அரை மணி நேரம் நீவிவிடுவாள். கட்டை விரலால் முதுகுத்தண்டின் இரு பக்கமும் உருவி, பிடிப்பு எங்கே என்று தேடுவாள். கண்டுபிடித்ததும் இடுக்கியில் பஞ்சைச் செருகி, ஸ்பிரிட்டில் நனைத்துப் பற்றவைத்து, அந்தச் சுடரைக் கிண்ணத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துவிட்டு, கிண்ணத்தைச் சட்டென்று முதுகில் கவிழ்ப்பாள். தோல் உள்ளே பன்னு போல உப்பும். எட்டு நிமிடம் கழித்து விளிம்போரத் தசையை விரலால் அழுத்தினால் காற்று புகுந்து கிண்ணம் கையோடு வந்துவிடும். வட்டமாக ஒரு கன்றல் இருக்கும்; ஒரு வாரத்தில் மறையும். உலகத்தில் பலர் செய்கிற வேலைதான். ஒலி மட்டும் அவள் கிண்ணங்களில்தான் வந்தது, அதுவும் தொழில் தொடங்கி இரண்டாம் வருடத்திலிருந்து.

ஒலி ஒரே ஒரு தடவைதான் வரும். வந்துவிட்டால் வலியும் அதோடு போய்விடும், இரண்டும் திரும்பி வராது. இதை அவள் ஐந்தாறு பேருக்குள்ளேயே புரிந்துகொண்டாள். தொலைபேசியில் குறை கேட்கும் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பிடரியிலிருந்து முன்பின் தெரியாத பத்தொன்பது பேரின் வசவு வந்தது. கிண்ணக்கா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். அப்படியும் கீழே விசிறிக்கடைக்காரர் காதில் விழுந்து, ஐம்பது வயதில் தனக்கு நான்கு புது வார்த்தைகள் கிடைத்தன என்று அவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அவர் முதுகிலிருந்து வந்த குறட்டை தன்னுடையது அல்லவே அல்ல என்று அந்த அம்மா சாதித்தாள். மறுவாரம் தானும் படுத்துப் பார்த்தாள், அவள் முதுகிலும் குறட்டைதான் இருந்தது, அது அவருடையது. இருவரும் சமாதானமாக வீட்டுக்குப் போனார்கள். பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தியின் தோளில் நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் நாற்காலியை இழுத்தார்கள். தெரு முதலில் அண்ணாந்து பார்த்தது, பிறகு பார்ப்பதை விட்டுவிட்டது. மாடியிலிருந்து ரயில் போகிற சத்தம் கேட்டால், இன்றைக்கு யாரோ ரயில்காரர் வந்திருக்கிறார் போல என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் வருடம் கல்குவாரியில் வெடி வைக்கும் வேலை பார்த்தவர் ஒருவரை அவர் மகள் கூட்டிவந்தாள். முப்பது வயதிலேயே அவருக்குக் காது போய்விட்டது. முதுகில் வெடிதான் இருக்கும் என்று நினைத்து கிண்ணக்கா விசிறிக்கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். வெடியும் வந்தது, ஆறு. ஏழாவது கிண்ணத்தை எடுத்தபோது ஐந்து வயதுக் குழந்தையின் குரல் ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணியது. பதினேழை விட்டுவிட்டு எண்ணியது. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சின்ன வயதில் அப்பாவின் முதுகில் ஏறிக்கொண்டு, அவருக்குக் கேட்காது என்று தெரியாமல், அவள் ஒப்பித்த எண்கள் அவை. காது கேட்காத ஒன்றை முதுகு கேட்டு வைத்துக்கொள்ளும் என்பது கிண்ணக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்கள் போன பிறகு கிண்ணங்களைக் கழுவித் துடைத்து அடுக்கினாள். திரைக்குப் பின்னாலிருந்து தையல் இயந்திரம் ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

திரைக்குப் பின்னால் இரண்டு அறைகள். அங்கேதான் அவளும் அவள் நாத்தனாரும் குடியிருந்தார்கள். நாத்தனார் தையல்காரி, கிண்ணக்காவுக்கு அண்ணி முறை, ஐம்பத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவள், தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அந்தத் தம்பிதான் கிண்ணக்காவின் கணவன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். நாத்தனாரைப் பற்றி வழங்குகிற எந்தப் பழமொழியும் இவர்களுக்குப் பொருந்தாது, ஏனென்றால் சண்டை போடுவதற்காவது பேச வேண்டும். அவன் போனதிலிருந்து இருவருக்கும் இடையே தண்ணீர் வந்துவிட்டது, உப்பு தீர்ந்துவிட்டது, சாவி ஆணியில் இருக்கிறது என்ற மூன்று பேச்சுகளைத் தவிர வேறு பேச்சு இல்லை. ஒருத்தி சமைத்தால் இன்னொருத்தி பாத்திரம் கழுவினாள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி தலைமாட்டில் மாத்திரையும் தம்ளரும் வைத்துவிட்டுப் போனாள். பாசத்துக்குக் குறைவில்லை, வாய்தான் அடைத்துப் போயிருந்தது.

நடந்தது இதுதான். தொழில் தொடங்குவதற்காக, மூடப்போகிற ஒரு மருத்துவமனையிலிருந்து கிண்ணக்கா சிகிச்சை மேசை ஒன்றை வாங்கினாள். அது மாடிப்படியின் அடியில் மூன்று நாள் கிடந்தது. நாளைக்குத் தூக்கிவைக்கிறேன் என்று கணவன் மூன்று நாளும் சொன்னான். நான்காம் நாள் காலையில் வாய்த்தகராறு வந்தது. "உன்னால ஆகாதுன்னா சொல்லிடு. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் சாப்பாட்டு டப்பாவை எடுக்காமல் கிளம்பினான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே வீட்டுக்குள் பார்த்து ஏதோ சொன்னான். தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. அன்று பிற்பகல் பன்னிரண்டாவது மாடியில் ஒரு லிஃப்டைச் சரிசெய்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தவன், அப்படியே உட்கார்ந்திருந்தான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். காரியங்கள் முடிந்த பிறகு கிண்ணக்கா நாத்தனாரிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள், போகும்போது அவர் என்ன சொன்னார் என்று. நாத்தனார் தையல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லவில்லை என்றாள். தன்னைப் பற்றி ஏதோ கடுமையாகச் சொல்லியிருக்கிறான், அண்ணி மறைக்கிறாள் என்று கிண்ணக்கா முடிவுகட்டிக்கொண்டாள். அதன் பிறகு எதையும் கேட்கவில்லை. நாத்தனாரின் இடது கை அந்த மாதத்திலேயே மேலே எழும்பாமல் போனது. முதலில் அலமாரியின் மேல்தட்டு எட்டவில்லை, பிறகு நடுத்தட்டு, பிறகு தன் தலைமுடியே எட்டவில்லை. முடியை வெட்டிக்கொண்டாள். வீட்டிலேயே வைத்தியம் இருந்தும், ஊரெல்லாம் முதுகைக் கொண்டுவந்து போட்ட அந்த மேசையில் அவள் மட்டும் படுக்கவில்லை.

நான்காம் வருடம் ஒரு நடுப்பகலில், சாப்பிட உள்ளே போன கிண்ணக்கா, கதவு மூலையில் நாத்தனார் நிற்பதைப் பார்த்தாள். தலைவழியாகப் போடுகிற சட்டை பாதியில் மாட்டிக்கொண்டு, முகம் துணிக்குள் இருக்க, வலது கை மேலேயும் இடது கை மடங்கியும் சிக்கியிருந்தது. அவள் தைத்த சட்டைதான். நாற்பது நிமிடமாக அப்படி நின்றிருந்தாள். திரைக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் கூப்பிடவில்லை. கிண்ணக்கா போய்ச் சட்டையை மெதுவாகக் கழற்றினாள். உள்ளே முகம் வியர்த்துப் போயிருந்தது.

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே அண்ணி."

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்தாள். இடது கையை மடியில் வைத்து அடுத்தவர் பொருளைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். "எனக்குக் கேக்கலைம்மா. அவன் சொன்னது எனக்குக் கேக்கவே இல்லை. மெஷின் ஓடிட்டிருந்துச்சு. திரும்பிக்கூடப் பாக்கலை. இந்தக் கையாலதான் போடா போடான்னு காட்டினேன்."

"ஒண்ணும் சொல்லலைன்னீங்களே."

"வளத்த அக்கா அவன் கடைசியாக் கூப்பிட்டப்போ திரும்பலைன்னு உங்கிட்ட எந்த வாயால சொல்றது?"

கிண்ணக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்கு வருடம் ஒரு வார்த்தையை மறைத்துவைத்திருக்கிறாள் என்று யாரைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கினாளோ, அவளிடம் அந்த வார்த்தை இல்லவே இல்லை. கல்குவாரிக்காரரின் முதுகைப் பற்றி அன்றுதான் நாத்தனாரிடம் சொன்னாள். சொல்லவே வேண்டியிருக்கவில்லை, திரைக்குப் பின்னாலிருந்து பதினேழு இல்லாத அந்த இருபதை நாத்தனாரும் கேட்டிருந்தாள். அதனால்தான் அதற்குப் பிறகு மேசைப் பக்கமே வரப் பயந்தாள். "எடுத்துட்டா போயிடுமில்ல?" என்று கேட்டாள். போய்விடும், ஒரு தடவைதான் என்று கிண்ணக்கா ஒப்புக்கொண்டாள். "நல்ல வார்த்தையா இல்லாட்டி?" என்று நாத்தனார் கேட்டாள். பயம் கிண்ணக்காவுக்குத்தான் அதிகம். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனவன் என்ன சொல்லிவிட்டுப் போயிருப்பான் என்று தினம் ஒரு வாக்கியம் வீதம் அவளே ஆயிரக்கணக்கில் எழுதிவைத்திருந்தாள், அதில் ஒன்றுகூட நல்லதாக இல்லை. சோறு ஆறிப் போனது. இருவரும் அதையே பிசைந்து சாப்பிட்டார்கள்.

மூன்று வாரம் யோசித்தார்கள். அந்த மூன்று வாரமும் கிண்ணக்கா அவளுக்குத் தோளை நீவிவிட்டாள், கிண்ணம் வைக்கவில்லை. இறுகிப்போன தோளைப் பலவந்தப்படுத்தக் கூடாது. எண்ணெயைச் சூடாக்கி, கழுத்தின் வேரிலிருந்து முழங்கைவரை நீளமாக உருவி, அக்குளில் விரல்களைக் கொடுத்து எலும்பின் அடிப்பக்கம் வட்டமாக அழுத்துவாள். நாத்தனார் பல்லைக் கடித்துக்கொள்வாள், பிறகு தூங்கிவிடுவாள். தூங்குகிறவளின் தோளைப் பிடித்துவிடும்போது, இதே தோளில் தலையைச் சாய்த்துத் தன் கணவன் பால்குடி மறந்திருப்பான் என்று கிண்ணக்காவுக்குத் தோன்றும். பதினெட்டாம் நாள் கை ஒரு விரற்கடை கூடுதலாக எழும்பியது. அத்தோடு நின்றுவிட்டது. தசை இளகிவிட்டது, இனி உள்ளே இருப்பது வலி அல்ல, குரல்தான் என்று கிண்ணக்கா சொன்னாள்.

ஒரு வியாழக்கிழமை முற்பகலில் வைத்துக்கொண்டார்கள். விசிறிக்கடைக்காரரிடம் அரை மணி நேரம் சுத்தியலைக் கீழே வைக்கும்படி கேட்டாள் கிண்ணக்கா. அவர் காரணம் கேட்டார். சொன்னாள். அவர் எதிர்க்கடைக்காரரிடம் சொன்னார், அவர் அடுத்த கடைக்குச் சொன்னார். பத்து மணிக்குத் தெருவில் ஈ பறந்தால் கேட்கும் போல ஆனது. அந்த வழியாக வரவேண்டிய பேருந்தை, கழுத்து திரும்புகிற ஓட்டுநர், முனையிலேயே இன்ஜினை அணைத்து நிறுத்தினார். பயணிகளில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

நாத்தனாரின் இடது தோளைச் சுற்றி ஏழு கிண்ணங்கள் வைத்தாள். எட்டு நிமிடம் ஆனது. முதல் கிண்ணத்தை எடுத்தாள். தையல் இயந்திரம் கடகடவென்று ஓடியது. இரண்டாவதில், "சாயங்காலம் ஆளோட வர்றேன்" என்றது ஒரு குரல். நான்கு வருடத்தில் அந்தக் குரலுக்குக் கொஞ்சம்கூட வயதாகியிருக்கவில்லை. கிண்ணக்கா அசையாமல் நின்றாள். மேசைத் துளைக்குள்ளிருந்து, எடும்மா, நிறுத்தாதே என்று நாத்தனார் சொன்னாள். மூன்றாவதில் குழாய்த் தண்ணீர் வாளியில் விழுந்தது. நான்காவதில், "தனியாத் தூக்க வேணாம்." ஐந்தாவதில், "அக்கா, அவகிட்டச் சொல்லு." ஆறாவதில், "கோவமா இருக்கா, மேசைய" என்றான், சொல்லும்போது லேசாகச் சிரித்தான். அது கேலிச் சிரிப்பு அல்ல. பொண்டாட்டியின் கோபத்தைப் பற்றி அக்காவிடம் பேசும்போது வருகிற சிரிப்பு.

தோள் சொற்களைத் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்ததால் வரிசை தப்பி வந்தது. ஆனாலும் இருவருக்கும் அதைக் கோத்துப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. அக்கா, அவகிட்டச் சொல்லு, கோவமா இருக்கா, மேசையைத் தனியாத் தூக்க வேணாம், சாயங்காலம் ஆளோட வர்றேன். நாத்தனார் அதை வாய்விட்டு ஒருமுறை சொன்னாள். நான்கு வருடம் தாமதமாகத் தம்பி சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டாள்.

"தூக்கிட்டேனே அண்ணி" என்றாள் கிண்ணக்கா.

அன்று அவன் போன ஒரு மணி நேரத்தில், இருந்த கோபத்தில், அந்த மேசையை அவள் ஒருத்தியாகவே இருபத்திரண்டு படியும் இழுத்து மேலே கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம் அவன் வந்து பார்த்து வாயடைத்துப் போகவேண்டும் என்று அறையின் நடுவில் போட்டுத் துடைத்தும் வைத்திருந்தாள். தொலைபேசி அழைப்பு நான்கு மணிக்கு வந்தது. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரிப்பது போலத்தான் இருந்தது. நாத்தனார் எழுந்து உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, இடது கையைத் தூக்கி அவள் தலைமேல் வைத்தாள். வைத்த பிறகுதான் இருவரும் அந்தக் கையைக் கவனித்தார்கள். கீழே தெரு இன்னும் மூச்சுவிடாமல் இருந்தது. கிண்ணக்கா ஜன்னலைத் திறந்து, ஆச்சு என்றாள். விசிறிக்கடையில் சுத்தியல் விழுந்தது, முனையில் பேருந்து கிளம்பியது.

ஏழாவது கிண்ணம் தோளிலேயே இருந்தது. கிண்ணக்கா அதன் விளிம்பில் விரலை வைத்தபோது நாத்தனார் தடுத்தாள்.

"இது இருக்கட்டும்."

"உள்ள என்ன இருக்கோ அண்ணி. வெறும் செருப்புச் சத்தமாக்கூட இருக்கலாம்."

"இருக்கட்டுமே. செருப்புச் சத்தம்னா இறங்கிப் போனதுதான். அதை எடுத்துட்டா போயிட்டான்னு ஆயிடும்."

கிண்ணத்தைப் பத்து நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது என்பது தொழிலின் பாலபாடம். விட்டால் கொப்பளிக்கும். கிண்ணக்கா அன்று சாயங்காலம் பார்த்தாள், மறுநாள் பார்த்தாள், ஒரு வாரம் பார்த்தாள். தோல் கன்றவில்லை, கொப்பளிக்கவில்லை, வலியுமில்லை. கிண்ணம் பிறவி மச்சம் போல உட்கார்ந்துவிட்டது. தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் காட்டினார்கள். அவர் நாத்தனாரின் கையை மேலே, பக்கவாட்டில், பின்னால் என்று எல்லாப் பக்கமும் சுழற்றிப் பார்த்துவிட்டு, குளிக்கும்போது வழுக்கி விழாமல் இருந்தால் போதும் என்றார். நாத்தனார் தன் சட்டைகளையெல்லாம் பிரித்து, இடது தோளில் வட்டமாக ஒரு திறப்பு விட்டு, ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டாள். முடியை மறுபடியும் வளர்த்தாள், இரண்டு கையாலும் பின்னிக்கொண்டாள்.

அடுத்த வருடம் கிண்ணக்காவின் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊர் முதுகையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் முதுகைப் பார்க்க ஆள் இல்லை என்பதால் நாத்தனாரே தொழில் கற்றுக்கொண்டாள். நெருப்பைச் சுற்றி எடுக்க நான்கு நாள், விரலைச் சுட்டுக்கொள்ளாமல் சுற்றி எடுக்க நான்கு மாதம் ஆனது. கிண்ணக்காவை அதே மேசையில் படுக்கவைத்து இடுப்பில் கிண்ணம் வைத்தாள். எடுத்தபோது, மேசையின் மரக்கால் படியில் மோதுகிற சத்தம் இருபத்திரண்டு தடவை கேட்டது. பதினைந்தாவது படியில் ஒரு நீண்ட பெருமூச்சு. கீழே விசிறிக்கடைக்காரர் வெளியே ஓடிவந்து, மாடிப்படியில் யாரோ பீரோ இறக்குகிறார்கள் என்று நினைத்து, ஒரு கை கொடுக்கலாமே என்று நின்றார். யாரும் இறங்கவில்லை. இடுப்பு சரியாகிவிட்டது. அந்த வீட்டில் இப்போது பேச்சுக்குப் பஞ்சமில்லை. நீட்டிப் படுத்திருக்கிற நோயாளிகளுக்கு மேலாக, திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு, அன்றைய குழம்பில் உப்பு கூடியது யார் கையால் என்று இருவரும் வழக்காடுவதைத் தெருவே கேட்கிறது. இரண்டாவது மேசை ஒன்று வாங்கினார்கள். அதை நான்கு பேர் தூக்கி வந்தார்கள்.

அதற்கும் மூன்று வருடம் கழித்து நாத்தனார் தன் அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனாள். புகைப்படம் எடுப்பதற்கு முன் கவுன்ட்டரில் இருந்த எழுத்தர், கண்ணாடி பளபளக்கிறது, அதைக் கழற்றுங்கள் என்றார். அவள் மூக்குக்கண்ணாடி அணிந்திருக்கவில்லை. அது கழற்றுகிறது இல்லை என்று சொன்னாள். எழுத்தர் எட்டி அவள் தோளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், பின்னால் நின்ற வரிசையின் நீளத்தைப் பார்த்தார். விண்ணப்பத்தில் அங்க அடையாளம் என்ற கட்டத்துக்கு எதிரே, இடது தோளில் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டார்.